பேரப்பிள்ளைக்குக் கையால் ஒரு கதைப் புத்தகம்: எந்தக் கதை, எந்தப் படம், எந்தக் கட்டு?

பேரனுக்கோ பேத்திக்கோ தன் கையால் ஒரு கதை எழுதிப் படமும் போட்டுத் தர வேண்டும் என்று ஆசைப்படுபவர்கள் பெரும்பாலும் முதலில் கடைக்குப் போய் வாட்டர் கலர் டப்பாவும் கெட்டி அட்டை போட்ட நோட்டும் வாங்கி வருகிறார்கள். அன்றைக்கே நோட்டின் முதல் பக்கத்தில் கதை தொடங்கிவிடும். மூன்றாம் பக்கத்துக் குழந்தையின் முகம் முதல் பக்கத்து முகத்தைப் போல இருக்காது. நான்காம் பக்கத்தில் தாள் நெளிந்துபோகும். ஏழெட்டுப் பக்கத்தில் கதை முடிந்துவிட, மிச்ச நோட்டு காலியாகக் கிடக்கும். பிறகு அது பீரோவுக்குள் போய்விடும்.

இதில் குறை கையிலும் இல்லை, கற்பனையிலும் இல்லை. முடிவெடுத்த வரிசைதான் தவறு. கதை, படம், கட்டு (தாள்களைச் சேர்த்துப் புத்தகமாக்கும் விதம்) மூன்றும் ஒன்றையொன்று பிடித்து இழுப்பவை. சங்கிலிபோல நீளும் கதைக்கு ஒரு கட்டு பொருந்தும், ஒரே நாளில் நடந்து முடியும் கதைக்கு வேறு கட்டு பொருந்தும். நீர் வண்ணத்தில் வரைந்தால் நகல் எடுத்தே தீர வேண்டும். கிரேயான் படத்தை அப்படியே லேமினேஷன் செய்யக் கூடாது. இவற்றைத் தாள் வாங்குவதற்கு முன்பே யோசித்துவிட்டால் பாதி வேலை முடிந்தது. மூன்று முதல் ஆறு வயதுவரை உள்ள குழந்தையையும், பள்ளிக்கூடம் விட்டபின் பென்சிலால் படம் வரைந்து பார்க்காத தாத்தா பாட்டியையும் மனதில் வைத்தே இந்த ஒப்பீடு.

கேட்ட கதையா, நடந்த கதையா, புதுக்கதையா

கேட்ட கதையின் பெரிய பலம், அது வாய்க்கு வாய் போய்த் தேய்ந்து வழவழப்பாகியிருப்பது. ஈ தன் பேரை மறந்த கதையை எடுத்துக்கொள்ளுங்கள். வீடு மெழுகும்போது பேரை மறந்துவிட்ட ஈ, கொழுகொழு கன்றிடம் தொடங்கி, கன்றின் தாய், அதை மேய்க்கும் இடையன், அவன் கைக் கோல், கோல் தந்த மரம், மரத்துக் கொக்கு, கொக்கு இறங்கும் குளம், குளத்து மீன், மீன் பிடிக்கும் வலைக்காரன், அவன் கைச் சட்டி, சட்டி செய்யும் குயவன், அவன் பிசையும் மண், மண்ணில் முளைத்த புல், புல்லைத் தின்னும் குதிரை என்று ஒவ்வொருவரிடமும் கேட்டுக்கொண்டே போகும். குதிரை ‘ஈ’ என்று இளிக்க, பேர் நினைவுக்கு வந்துவிடும். ஊருக்கு ஊர் ஒன்றிரண்டு கண்ணி மாறும். எழுதுபவர் கதைப்பின்னலுக்காகத் தவிக்க வேண்டியதில்லை. இரண்டாம் மூன்றாம் முறை கேட்கும்போது குழந்தை முந்திக்கொண்டு சொல்லும். ஒரே சிக்கல் எண்ணிக்கை. கண்ணிக்கு ஒரு படம் என்று வைத்தாலும் 14, ஈயையும் சேர்த்தால் 15. வழக்கமான சிறு புத்தகத்தில் இது நெருக்கியடிக்கும். அதற்குத் தோதான கட்டு கீழே வருகிறது.

முதல் புத்தகத்துக்கு நடந்த கதையைத்தான் தயங்காமல் சொல்வோம். மொட்டை மாடியில் வடாம் காய்ந்தபோது காக்கா வந்தது, ரயிலில் ஒற்றைச் செருப்பு தொலைந்தது, முதல் பல் விழுந்தது, கரண்ட் போன ராத்திரி, இப்படி ஏதாவது ஒன்று. பார்த்து வரைய வீடும் மாடியும் கண்ணெதிரே இருக்கின்றன. குழந்தை தன்னையே புத்தகத்தில் பார்க்கிறது. இதில் வரும் பெரிய தவறு, நடந்ததையெல்லாம் நடந்தபடி எழுதுவது. ‘காலையில் எழுந்தோம், குளித்தோம், பஸ் ஏறினோம்’ என்று போனால் அது கதையாகாது, டைரியாகிவிடும். இதற்கு ஒரு சோதனை உண்டு. கதையை ‘ஆனால்’ என்ற சொல்லை வைத்து ஒரே வாக்கியத்தில் எழுதிப் பாருங்கள். ‘பேத்திக்கு வடாம் தின்ன ஆசை, ஆனால் அது இன்னும் காயவில்லை.’ இதில் கதை இருக்கிறது. ‘ஆனால்’ வரவில்லை என்றால், குழந்தைக்கு அன்று என்ன வேண்டியிருந்தது, அதற்கு எது குறுக்கே வந்தது என்று இன்னும் ஒருமுறை யோசியுங்கள்.

முழுக்கப் புதிதாகக் கட்டும் கதையை இரண்டாவது புத்தகத்துக்கு வைத்துக்கொள்ளலாம். புதிதாக எழுதத் தொடங்குபவரின் பேனா பொய் சொல்லக் கூடாது, பெரியவர் சொல் கேட்க வேண்டும் என்று தானாகவே நீதிப் பக்கம் ஓடும். அந்தக் கடைசிப் பக்கத்துக்காகவே மற்ற பக்கங்கள் எழுதப்பட்டிருப்பது குழந்தைக்கு உடனே தெரிந்துவிடும்.

ஏழு ஜோடிப் பக்கம்

அச்சில் வரும் படக்கதைப் புத்தகங்களில் 32 பக்கம் என்பது பரவலான அளவு. பெரிய தாளை மடித்து வெட்டும்போது பக்கங்கள் எட்டு, பதினாறு என்ற மடங்கில் வருவதால் அமைந்த எண் அது. கையால் செய்பவருக்கு அதில் பாதியே போதும். ஏ4 தாள் நான்கை ஒன்றாக அடுக்கி நடுவில் மடித்தால் 16 பக்கம். முதல் பக்கத்தில் தலைப்பு, பதினாறாம் பக்கம் பின்பக்கம். இடையில் எதிரெதிரே விரியும் ஜோடிப் பக்கங்கள் ஏழு. கதையை அந்த ஏழுக்குள் அடக்குங்கள்.

வடாம் கதை இப்படிப் பிரியும். முதல் ஜோடியில் பாட்டி வேட்டி விரித்து வடாம் பிழிகிறாள். இரண்டில் குழந்தை கேட்கிறாள், ‘காயட்டும்’ என்கிறாள் பாட்டி. மூன்றில் காக்கா, நான்கில் அணில், ஐந்தில் மேகம். ஒவ்வொன்றையும் குழந்தை ஒரே வரியைச் சொல்லி விரட்டுகிறாள்: ‘இன்னும் காயல, போ போ!’ ஆறில் எண்ணெயில் வடாம் பொரிகிறது. ஏழில் யார் யாருக்குக் கிடைத்தது என்று காட்டலாம், அதில் காக்காவுக்கும் பங்கு உண்டு. திரும்பத் திரும்ப வரும் அந்த ஒற்றை வரி மிக முக்கியம். படிக்கத் தெரியாத குழந்தையும் அந்த இடத்தில் ‘படிக்கும்’.

ஜோடிக்கு எத்தனை சொல்? மூன்று, நான்கு வயதுக்குப் பத்திலிருந்து பதினைந்து. ஐந்து, ஆறு வயதுக்கு இருபத்தைந்தைத் தாண்ட வேண்டாம். ஆங்கிலப் படக்கதைகளுக்குச் சொல்லப்படும் சொல் கணக்கை அப்படியே எடுத்துக்கொள்ளாதீர்கள். ‘பிழிந்துகொண்டிருந்தாள்’ என்பது நமக்கு ஒரே சொல், அங்கே மூன்று சொல். எண்ணிக்கை குறைவாகத் தெரிந்தாலும் குழந்தையின் கண்ணுக்கு அது நீண்ட ரயில். ‘பிழிந்தாள்’ என்றாலே போதும்.

பக்கம் திருப்பும் இடத்தையும் வீணாக்க வேண்டாம். ஏதோ நடக்கப் போகிறது என்ற வரி வலப்பக்கத்தின் அடியில் வரட்டும்: ‘படபடவென்று ஒரு சத்தம்…’ பக்கத்தைத் திருப்பிய பிறகுதான் காக்கா தெரிய வேண்டும்.

நல்ல தாளைத் தொடுவதற்கு முன் ரஃப் தாள் நான்கை மடித்துக் குச்சிப் படங்களோடு ஒரு மாதிரிப் புத்தகம் செய்யுங்கள். பதிப்பகங்களில் இதை டம்மி என்பார்கள். வரைய அரை மணி நேரம் போதும். அதை உரக்கப் படித்துப் பாருங்கள். நாக்கு தடுக்கும் சொல், ஒரே ஜோடியில் இரண்டு சம்பவம் நெருக்குவது, ஒன்றுமே நடக்காத ஜோடி எல்லாம் இங்கேயே பிடிபடும். வண்ணம் தீட்டிய பிறகு கண்டுபிடித்தால் திருத்த மனம் வராது.

படம்: அழகைவிட முதலில் அடையாளம்

படக்கதை வரையும்போது புதியவர்களைக் கவிழ்ப்பது ஒன்றே ஒன்று. ஒரே குழந்தையை ஏழு முறை ஒரே மாதிரி வரைய முடியாமல் போவது. தனிப்படம் ஒன்று நன்றாக வந்துவிடும். ஏழிலும் அதே மூக்கு, அதே உயரம், அதே பின்னல் வருவது பழகிய கைக்கே கஷ்டம். ஆகவே எந்த முறை அழகாக இருக்கும் என்பதைக் கொஞ்சம் ஒதுக்கிவைத்துவிட்டு, எந்த முறையில் அடையாளம் மாறாமல் காப்பாற்றலாம் என்று கேட்டுத் தேர்ந்தெடுக்க வேண்டும்.

அந்தக் கேள்விக்கு மிக நல்ல விடை, காகிதம் வெட்டி ஒட்டுவது. தடித்த அட்டையில் குழந்தையின் தலை, உடல், இரண்டு கை, இரண்டு கால் என ஆறு அச்சு வெட்டிக்கொள்ளுங்கள். உருவத்தின் மொத்த உயரம் 12 சென்டிமீட்டர் என்றால் தலை மட்டும் இரண்டரை சென்டிமீட்டராவது இருக்க வேண்டும். சிறு குழந்தையின் உயரம் அதன் தலையைப் போல நாலரை, ஐந்து மடங்குதான். பெரியவர்களுக்கு ஏழு, ஏழரை மடங்கு. இந்த விகிதம் தெரியாமல் வரைவதால்தான் குழந்தை ‘குட்டி மாமா’ போல வந்துவிடுகிறது. கண்ணையும் நெற்றிக்கு அருகில் வைக்காதீர்கள். முகத்தின் நடுக்கோட்டில், அல்லது அதற்குச் சற்றுக் கீழே வைத்தால் முகத்தில் குழந்தைத்தனம் வந்துவிடும்.

அச்சை வண்ணத் தாளில் வைத்துக் கோடிழுத்து, மூன்று நான்கு தாளைச் சேர்த்து வெட்டினால் ஏழு படத்துக்கும் வேண்டிய துண்டுகள் ஒரே மாலையில் தயார். கையைத் தூக்கி ஒட்டினால் காக்காவை விரட்டுகிறாள், காலை மடக்கி ஒட்டினால் உட்கார்ந்திருக்கிறாள். ஆள் மாறுவதில்லை. பொருளுக்கும் பஞ்சமில்லை. பழைய கல்யாணப் பத்திரிகை, வாரப் பத்திரிகையின் வழவழப்பான தாள், தினசரிக் காலண்டர் தாள், தையல்காரர் தரும் வெட்டுத் துணி எல்லாம் உதவும். குழந்தை போட்டு வளர்ந்துவிட்ட சட்டையிலிருந்து ஒரு துண்டு எடுத்து அதையே படத்துக் குழந்தைக்கும் சட்டையாகப் போட்டால், ‘இது நான்’ என்று உடனே விரல் வைக்கும். துணியை நேரடியாக வெட்டினால் நூல் பிரியும். முதலில் மெல்லிய தாளில் ஒட்டிக் காயவிட்டு, பிறகு வெட்டுங்கள்.

ஒட்டும் பசையில்தான் பலரும் தவறுகிறார்கள். ஃபெவிக்காலில் நீர் உண்டு. அதைத் தாராளமாகத் தடவினால் தாள் ஊறிச் சுருங்கும். குச்சிப் பசை போதும். துண்டைப் பழைய செய்தித்தாளில் கவிழ்த்து வைத்து, நடுவிலிருந்து விளிம்புக்கு வெளியே வரை இழுத்துத் தடவுங்கள். விளிம்பில் பசை படாத இடத்தைத்தான் குழந்தையின் நகம் தேடிப் பிய்க்கும். பட்டத் தாளில் ஈரம் பட்டால் சாயம் இறங்கி வெள்ளைத் தாளைக் கறையாக்கும், அதைத் தவிருங்கள். ஒட்டி முடித்ததும் மேலே பட்டர் பேப்பர் வைத்து, கனமான புத்தகங்களின் கீழ் ஒரு ராத்திரி வைத்தால் தட்டையாகிவிடும்.

நீர் வண்ணத்துக்கு வருவோம். அழகில் இதற்கு ஈடில்லை, முதல் புத்தகத்துக்கு இதைப் போலச் சோதிப்பதும் வேறில்லை. சாதாரண ஜெராக்ஸ் தாள் 70, 80 ஜிஎஸ்எம்தான் (ஒரு சதுர மீட்டர் தாள் எத்தனை கிராம் என்ற கணக்கு). ஈரம் பட்டதும் நெளியும். 300 ஜிஎஸ்எம் தாள் வேண்டும், அதையும் நான்கு ஓரத்திலும் மாஸ்கிங் டேப்பால் பலகையில் ஒட்டிவிட்டுத் தீட்ட வேண்டும், முழுக்கக் காயும்வரை டேப்பை உரிக்கக் கூடாது. பக்கத்து நிறம் காய்வதற்கு முன் அடுத்ததைத் தொட்டால் இரண்டும் கலந்து வழியும். கருப்புக் கோடு போட எடுக்கும் பேனாவையும் சோதியுங்கள். ஒரு கோடு இழுத்து ஐந்து நிமிடம் கழித்து ஈரத் தூரிகையை அதன்மேல் ஓட்டுங்கள். ஸ்கெட்ச் பென் கரைந்து ஓடும், நீரில் கரையாத மை என்று எழுதியிருக்கும் பேனா அசையாது. அவ்வளவு கெட்டித் தாள்களை ஒன்றுக்குள் ஒன்று மடித்துத் தைக்கவும் முடியாது. ஆக நீர் வண்ணம் என்று முடிவு செய்தால், தனித்தனித் தாளில் வரைந்து ஸ்கேன் செய்து அச்சடிப்பதும் அதோடு சேர்ந்த முடிவு.

கலர் பென்சில் நம் கட்டுப்பாட்டில் நிற்கும், அவசரமில்லை, ஊறாது. அதன் குறை வெளிறிய தன்மை. மெல்லத் தேய்த்த நிறம் நகலில் காணாமல் போகும். ஒரே இடத்தில் இரண்டு மூன்று அடுக்கு அழுத்தித் தேய்த்து, வெளிக்கோட்டைக் கருப்பில் போட்டால் சரியாகும். கிரேயானும் ஆயில் பேஸ்டலும் பளிச்சென்று இருக்கும், ஆனால் எதிர்ப் பக்கத்தில் ஒட்டிக்கொள்ளும்.

எந்த வண்ணம் எடுத்தாலும் ஒரு வேண்டுகோள். கலர் டப்பாவில் தோல் நிறம் என்று வரும் வெளிர் ரோஜாவை எடுத்துப் பேத்தியின் முகத்தில் தேய்க்காதீர்கள். ஆரஞ்சோடு துளி நீலம் கலந்தால் பழுப்பு வரும், அதில் மஞ்சளையும் நீரையும் கூட்டிக் குறைத்து உங்கள் வீட்டு ஆட்களின் நிறத்தைக் கொண்டுவரலாம். பென்சில் என்றால் பழுப்பின்மேல் ஆரஞ்சு ஓர் அடுக்கு. தன் நிறத்திலேயே தன்னைப் புத்தகத்தில் பார்க்கும் வாய்ப்பு அந்தக் குழந்தைக்குக் கடைப் புத்தகங்களில் எளிதில் கிடைப்பதில்லை.

வரையவே வராது என்று உறுதியாக இருப்பவர்களுக்குப் போட்டோ இருக்கிறது. குழந்தையின் படத்தை அச்சடித்து வெட்டி ஒட்டி, காக்காவையும் மேகத்தையும் மட்டும் வரையலாம். இதில் கதை, கையில் இருக்கும் போட்டோக்களுக்குள் அடங்கிப்போகும். அதனால் டம்மி செய்த பிறகு, வேண்டிய ஏழு நிலைகளையும் புதிதாகப் படம் எடுப்பது நல்லது. வெற்றுச் சுவர் பின்னால் இருந்தால் வெட்ட எளிது.

டேப்லெட்டில் வரைவதில் அழிப்பதும் நகலெடுப்பதும் சுலபம், ஆளின் முகமும் மாறாது. ஏற்கெனவே அதில் பழகியவர்களுக்கு மட்டும் சொல்வோம். செயலியைக் கற்பதற்கே சில வாரம் போய்விடும். தொடங்கும்போதே பக்கத்தை ஏ4இல் பாதியான ஏ5 அளவில், 300 டிபிஐயில் (அங்குலத்துக்கு 300 புள்ளி), அதாவது 1748க்கு 2480 பிக்சலில் வையுங்கள். சிறிதாக வரைந்து பிறகு பெரிதாக்கினால் அச்சில் மங்கும்.

ஆயத்தப் படங்களை எடுத்துக்கொள்ளவும் வழி உண்டு. சிறுவர் நூல் பதிப்பகமான பிரதம் புக்ஸ் 2015இல் தொடங்கிய ஸ்டோரிவீவர் தளத்தில் திறந்த உரிமத்தில் ஏராளமான படங்கள் உள்ளன. வரைந்தவர் பெயரைக் குறிப்பிட்டு அவற்றை வைத்துப் புதுக்கதை எழுதலாம், தமிழிலும் எழுதலாம். எழுதிப் பழக மிக நல்ல இடம். ஆனால் அந்தப் படங்களில் உங்கள் மொட்டை மாடி இருக்காது. கணினியிடம் சொல்லிப் படம் செய்துவாங்குவதிலும் இதே குறைதான். அதோடு குழந்தையின் புகைப்படத்தை யாரோ நடத்தும் சேவைக்குள் ஏற்ற வேண்டிவரும். படத்துக்குள் வரும் தமிழ் எழுத்தும் பிழையாகிவிடுவதுண்டு.

கட்டு: தைப்பதா, விசிறி மடிப்பா, ஸ்பைரலா

16 பக்கத்துக்கு மூன்று துளைத் தையலே போதும். ஏ4 தாளை மடித்தால் முதுகு 21 சென்டிமீட்டர். சரி நடுவில் ஒரு துளை, இரு முனையிலிருந்தும் மூன்றரை சென்டிமீட்டர் தள்ளி ஒவ்வொன்று. தாள்களைத் திறந்துவைத்து, மடிப்புக் கோட்டில் ஊசியால் முன்கூட்டியே துளையிடுங்கள். எம்பிராய்டரி நூல் 60 சென்டிமீட்டர் வெட்டி, மெழுகுவத்தியில் ஒருமுறை இழுத்தால் சிக்காது. உள்ளிருந்து நடுத்துளை வழியே வெளியே வந்து, ஒரு சாண் நூலை உள்ளே விட்டுவிடுங்கள். வெளிப்பக்கமாக மேல் துளைக்குப் போய் உள்ளே நுழையுங்கள். உள்ளே நடுத்துளையைத் தாண்டிக் கீழ்த் துளைக்குப் போய் வெளியே வாருங்கள். பிறகு நடுத்துளை வழியே மறுபடி உள்ளே. இப்போது இரு நுனியும் உள்ளே, நீண்ட தையலின் இருபுறமும் இருக்கும். அந்தத் தையலையும் சேர்த்துப் பிடித்து இறுக்கி முடிச்சுப் போடுங்கள். நூலைத் தாளின் போக்கிலேயே இழுக்க வேண்டும். மேலே தூக்கி இழுத்தால் துளை கிழியும். சாதாரண ஸ்டேப்ளரின் வாய் முதுகுவரை எட்டாது. எட்டும் நீள ஸ்டேப்ளர் கிடைத்தாலும், பின் கழன்று குழந்தையின் வாய்க்குப் போகும் ஆபத்து இருக்கிறது.

120 ஜிஎஸ்எம் தாள் நான்கும் 250 ஜிஎஸ்எம் மேலட்டை ஒன்றும் சேர்ந்து எடை ஏறத்தாழ 46 கிராம். வெளிநாட்டில் இருக்கும் பேரனுக்கு ஒரு கவரில் வைத்து அனுப்பிவிடலாம்.

ஈ கதை போன்ற சங்கிலிக் கதைக்கு விசிறி மடிப்புதான் சரி. 22க்கு 28 அங்குலச் சார்ட் தாள் ஒன்று, அதாவது ஏறத்தாழ 56க்கு 71 சென்டிமீட்டர். அதை நீளவாக்கில் 18 சென்டிமீட்டர் அகலத்தில் மூன்று பட்டையாக வெட்டுங்கள். ஒவ்வொரு பட்டையிலும் 14 சென்டிமீட்டரில் ஐந்து மடிப்பு, மிஞ்சும் ஒரு சென்டிமீட்டர் அடுத்த பட்டையை ஒட்ட. மூன்றும் சேர்ந்தால் 15 பக்கம். ஈ ஒன்று, கன்று முதல் குதிரைவரை பதினான்கு, கணக்கு ஒரே சார்ட்டில் முடிந்துவிடுகிறது. தரையில் விரித்தால் இரண்டு மீட்டருக்கும் மேல் நீளும். குழந்தை முட்டி போட்டுத் தவழ்ந்துகொண்டே கதையைத் திரும்பிச் சொல்லலாம். தைக்கும் புத்தகத்தில் இந்தச் சுகம் கிடைக்காது. மடிப்பதற்கு முன் மை தீர்ந்த பால்பாயின்ட் பேனாவை ஸ்கேல் வைத்து அழுத்தி இழுத்துப் பள்ளம் செய்யுங்கள், இல்லையென்றால் மடிப்பில் சார்ட் வெடித்து வெள்ளை தெரியும். மடிப்பு ஒன்று உள்ளே, அடுத்தது வெளியே என்று மாறி மாறி வர வேண்டும். ஒரு மில்லிமீட்டர் கோணினாலும் பதினைந்தாம் பக்கம் வரும்போது புத்தகம் சாய்ந்து நிற்கும். ஆகவே கோடுகளை மேலும் கீழும் அளந்து புள்ளி வைத்த பிறகே இழுங்கள்.

ஸ்பைரல் பைண்டிங் ஜெராக்ஸ் கடையில் பத்து நிமிட வேலை, தட்டையாக விரியும், தவறான பக்கத்தை மாற்றவும் முடியும். ஆனால் துளைகள் ஓரத்தில் ஒரு சென்டிமீட்டரைத் தின்றுவிடும், இரு பக்கத்துக்கும் ஒரே படம் போட்டால் நடுவில் சுருள் ஓடும். கம்பிச் சுருளின் நுனி கையைக் கீறும் என்பதால் பிளாஸ்டிக் சுருள் கேளுங்கள்.

எல்லாவற்றையும் வாயில் வைக்கும் வயது என்றால் லேமினேஷன் செய்த ஆறேழு அட்டை போதும். அசலை ஒருபோதும் எந்திரத்துக்குள் விடாதீர்கள். சூட்டில் கிரேயானும் பேஸ்டலும் உருகிப் பரவும், வெட்டி ஒட்டிய படத்தில் காற்றுக் குமிழ் நிற்கும். கலர் நகல் எடுத்து அதை லேமினேஷன் செய்து, மூலைகளை வட்டமாக வெட்டுங்கள், கூர் மூலை கண்ணைக் குத்தும். பொத்தான், மணி, ஜிகினா எதுவும் இந்த வயதுப் புத்தகத்தில் வேண்டாம்.

கையெழுத்தா, அச்செழுத்தா

தாத்தாவின் கையெழுத்து குழந்தைக்குப் பிற்காலத்தில் ஒரு சொத்து. அதே நேரத்தில் ஒரு சிக்கலும் இருக்கிறது. தமிழ்நாட்டு அரசு 1978இல் எழுத்துச் சீர்திருத்தத்தை ஏற்கும்வரை ணை, னை, லை, ளை எழுத்துகளுக்கு யானைத் தும்பிக்கை போல வளைந்த கொம்பும், ணா, றா, னா வரிசைக்குத் தனிச் சுழியும் இருந்தன. அதற்கு முன் பள்ளியில் படித்தவர்களின் கை இன்றும் தன்னையறியாமல் அந்தப் பழைய வடிவத்தை எழுதிவிடும். ‘யானை’யும் ‘தலை’யும் ‘வந்தானா’வும் குழந்தைக்குப் புதிராகும். எழுதி முடித்ததும் இந்த எழுத்துகளை மட்டும் தேடிச் சரிபாருங்கள். பென்சிலால் 12 மில்லிமீட்டர் இடைவெளியில் கோடு போட்டு, எழுத்தின் உடல் ஆறேழு மில்லிமீட்டர் உயரம் வருமாறு, ஒன்றோடொன்று ஒட்டாமல் எழுதினால் படிக்கப் பழகும் கண்ணுக்கு வசதி.

கை நடுங்குபவர்கள் அச்செழுத்துக்குப் போகலாம். நோட்டோ சான்ஸ் தமிழ், முக்த மலர், பலூ தம்பி ஆகியவை இலவசமாகக் கிடைக்கும் யூனிகோடு எழுத்துருக்கள். பலூ தம்பி தலைப்புக்கு அழகு, கதைக்குள் மற்ற இரண்டும் தெளிவு. 20 முதல் 24 புள்ளி அளவு, ஒன்றரை வரி இடைவெளி. இடப்பக்கம் மட்டும் ஒழுங்குபடுத்துங்கள். இருபுறமும் இழுத்து நேராக்கினால் நம் நீண்ட சொற்களுக்கு இடையே பெரிய ஓட்டைகள் விழும்.

விவரிக்கும் வரிகள் எளிய எழுத்துத் தமிழில் இருக்கட்டும், பேசும் வரிகள் உங்கள் வீட்டுப் பேச்சில் இருக்கட்டும். குழந்தை அப்பத்தா என்று கூப்பிட்டால் புத்தகத்திலும் அப்பத்தாதான், ஆச்சி என்றால் ஆச்சி. புணர்ச்சியில் சொற்களை ஒட்ட வேண்டாம். ‘அவளுக்கொரு’ என்பதைவிட ‘அவளுக்கு ஒரு’ என்பது பிரித்துப் படிக்க எளிது. தமிழ் பேசும், ஆனால் படிக்காத வெளிநாட்டுப் பேரப்பிள்ளைக்கு ஆங்கில எழுத்தில் தமிழை எழுதித் தருவதை நாங்கள் விரும்பவில்லை. அதைப் பார்த்துப் பழகினால் தமிழ் எழுத்தின் பக்கம் கண் போகாது. அதைவிட ஒவ்வொரு பக்கத்தையும் எண் சொல்லிப் படித்து, போனில் குரலாகப் பதிந்து அனுப்புங்கள். குரலைக் கேட்டுக்கொண்டே விரல் எழுத்தின்மேல் ஓடும்.

அச்சுக்குக் கொண்டுபோகும்போது

படங்களை 300 டிபிஐயில் ஸ்கேன் செய்வது நல்லது. போனில் எடுப்பதானால் ஃபிளாஷ் இல்லாமல், ஜன்னல் ஓர நிழலில், தாளுக்கு நேர் மேலிருந்து எடுங்கள். கோப்பைப் பிடிஎஃப் ஆக்கிக் கொண்டுபோங்கள். கடைக் கணினியில் உங்கள் எழுத்துரு இல்லாவிட்டால் எழுத்துகள் குலைந்துவிடும்.

பக்கங்களை வரிசையாக அச்சடித்தால் மடிக்கும்போது கலைந்துபோகும். வெளித் தாளின் ஒரு முகத்தில் 16, 1. மறு முகத்தில் 2, 15. அடுத்த தாளில் 14, 3. பின்னால் 4, 13. மூன்றாவதில் 12, 5. பின்னால் 6, 11. நடுத் தாளில் 10, 7. பின்னால் 8, 9. எந்த முகத்தைப் பார்த்தாலும் இரண்டு எண்ணின் கூட்டுத்தொகை 17 வர வேண்டும். இதில் கவனியுங்கள், 8-9 மட்டுமே வெட்டில்லாத ஒரே தாள். இரு பக்கத்தையும் சேர்த்து ஒரு பெரிய படம் போடும் ஆசை இருந்தால் அதை அங்கே வையுங்கள், வடாம் கதையில் அது காக்காவை அடுத்து அணில் வரும் இடம். மற்ற ஜோடிகளில் படம் நடுவில் ஒரு மில்லிமீட்டராவது விலகி நிற்கும்.

கடையில் சொல்ல வேண்டியவை: லேசர் பிரிண்ட், இரண்டு முகமும், குறுகிய ஓரத்தில் திருப்பி, அளவு மாற்றாமல் 100 சதவீதம். இங்க்ஜெட் நிறங்கள் எச்சில் பட்டால் கரையக்கூடும். எந்திரம் ஓரத்தில் சில மில்லிமீட்டர் அச்சடிக்காது என்பதால் எழுத்து விளிம்பிலிருந்து ஒரு சென்டிமீட்டர் உள்ளே இருக்கட்டும். முதலில் சாதாரணத் தாளில் ஒரே ஒரு பிரதி எடுத்துக் கடை வாசலிலேயே மடித்துப் பாருங்கள். இரண்டாம் பக்கம் தலைகீழாக இருந்தால் திருப்பும் ஓரத்தை மாற்றச் சொல்லுங்கள். எண்கள் சரியாக வந்த பிறகு 120 ஜிஎஸ்எம் தாளில் இரண்டு பிரதி எடுங்கள். ஒன்று கிழிபடுவதற்கு.